பனங்காடையையும் எழுதிவையுங்கள்

அன்புள்ள ஐயா,

வணக்கம். திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். பள்ளிக்குப் போகும் வழியில் ஒரு குளம். மழைக்குப் பிறகு அதில் தண்ணீர் நின்றதிலிருந்து காலையில் கொஞ்ச நேரம் கரையில் வண்டியை நிறுத்தி, கண்ணில் படும் பறவை, பூச்சி, செடி எல்லாவற்றையும் கைபேசியில் படமெடுத்து, யாரும் உயிரினங்களைப் பதிவுசெய்யக்கூடிய ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையதளத்தில் போட்டுவருகிறேன்.

ஆனால் இப்போது மனம் சோர்ந்துவிட்டது. குளத்துக்கரையில் எடுத்த ஒரு ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சியை வெந்தய வரியன் என்று போட்டேன். முன்பின் தெரியாத ஒருவர் அது டனாயிட் எக்ஃப்ளை இனத்தின் பெண் என்று மாற்றிவிட்டார். கீழாநெல்லி என்று நான் நினைத்த செடிக்கு, செயலி ஒரு படத்துக்கு ஒரு பெயரும் அடுத்த படத்துக்கு இன்னொரு பெயரும் சொல்கிறது. உயிரியல் படிக்காத எனக்கு இது சரிப்பட்டு வருமா? எங்கள் குளத்தில் அதிசயமாக எதுவும் இல்லை. கொக்கு, மடையான், மைனா, மின்கம்பியில் பனங்காடை, வயலில் மயில், அவ்வளவுதான். இதை எழுதிவைத்து யாருக்கு என்ன பயன்?

இன்னொன்று. மாணவர்கள் காட்டி ஒரு தேவாங்கைப் படம் எடுத்தேன். அதைத் தளத்தில் போடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் பட்டாம்பூச்சியிலிருந்து தொடங்குகிறேன். வெந்தய வரியனின் புழு எருக்கு போன்ற பால்வடியும் செடிகளைத் தின்று வளர்கிறது. அந்தச் செடிகளின் நஞ்சு அதன் உடம்பில் சேர்வதால் பறவைகள் அதைத் தொடத் தயங்கும். டனாயிட் எக்ஃப்ளைக்கு அப்படி எந்த நஞ்சும் இல்லை. அதன் பெண் மட்டும் வெந்தய வரியனின் நிறத்தையும் வரிகளையும் அப்படியே போட்டுக்கொண்டு உயிர்தப்புகிறது. அதன் ஆணைப் பார்த்தால் அதுவும் இந்தப் பெண்ணும் ஒரே இனம் என்று நம்பவே முடியாது. கறுப்புச் சிறகு, அதில் ஊதா விளிம்பிட்ட பெரிய வெள்ளைப் பொட்டுகள். பறவைகளை ஏமாற்றுவதற்கென்றே உருவான வேடம் இது. அது உங்களையும் ஏமாற்றியதில் சோர்ந்துபோக எதுவும் இல்லை.

இனி அடையாளத்துக்கு வருவோம். பின்சிறகைப் பாருங்கள். வெந்தய வரியனுக்கு அதன் நடுப்பகுதியில் மூன்று கறுப்புப் புள்ளிகளாவது இருக்கும். எக்ஃப்ளை பெண்ணுக்கு அந்தப் புள்ளிகள் கிடையாது, முன்விளிம்பில் ஒரே ஒரு கறுப்புத் திட்டுதான். ஆகவே பின்சிறகு முழுதாகத் தெரியும் படம் ஒன்று வேண்டும். அதைவிட, படத்தில் வராத ஒன்று உங்கள் குறிப்பில் இருந்திருந்தால் இன்னும் உதவியிருக்கும். அது என்ன செய்துகொண்டிருந்தது? எருக்கிலையில் வயிற்றை வளைத்து முட்டையிட்டது என்று ஒரு வரி எழுதியிருந்தால் அது வெந்தய வரியன்தான். எக்ஃப்ளை முட்டையிடுவது தரையில் படரும் பருப்புக்கீரை போன்ற செடிகளில்.

நான் உங்களிடம் வலியுறுத்த விரும்புவது இதைத்தான். முதலில் பார்த்ததை எழுதுங்கள், பெயரைப் பிறகு தேடலாம். எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம், எத்தனை, எந்தச் செடியின் மேல், என்ன செய்தது. அந்த இடத்தில் நிற்கும்போதே இதை எழுதிவிட வேண்டும். மாலையில் வீட்டுக்கு வந்து எழுதினால், நடுவில் செயலி சொன்ன பெயர் நம் நினைவைத் திருத்திவிடுகிறது. பார்க்காத புள்ளியும் பார்த்ததுபோலத் தோன்றும்.

திருச்சி தூய வளனார் கல்லூரியில் ராபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. அருட்தந்தை கே. எம். மேத்யூ 1967இல் தொடங்கியது. தமிழ்நாட்டுச் சமவெளிகளிலும் குன்றுகளிலும் சேகரித்து உலர்த்திய செடிகளை அங்கே தாள்களில் ஒட்டிப் பாதுகாக்கிறார்கள். உங்களுக்குப் பக்கம்தான், ஒருமுறை அனுமதி கேட்டுப் போய்ப் பாருங்கள். இப்படிப்பட்ட ஒரு தாளில் செடியின் பெயரோடு எடுத்த நாள், இடம், எடுத்தவர் எல்லாம் எழுதியிருக்கும். பெயர்கள் மாறிக்கொண்டே இருப்பவை. நம் ஆவாரையைக் கேசியா என்ற பேரினத்தில் (நெருங்கிய இனங்களைச் சேர்த்த தொகுப்பில்) வைத்திருந்தார்கள், இப்போது சென்னா என்கிறார்கள். பழைய பெயரில் இருப்பதால் எந்தத் தாளும் வீணாகிவிடவில்லை. இந்த ஊரில் இந்த மாதத்தில் இது பூத்திருந்தது என்ற செய்தி அப்படியே நிற்கிறது. உங்கள் பதிவிலும் ஒருவர் மாற்றியது பெயரை மட்டும்தான். நாளும் இடமும் படமும் நீங்கள் கொடுத்தவை.

அவர் மாற்றியதைக் குறையாக எடுத்துக்கொள்ளாமல், எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று அங்கேயே கேளுங்கள். பெரும்பாலானவர்கள் மகிழ்ச்சியாக விளக்குவார்கள், நான் கற்றதில் பாதி அப்படி வந்ததுதான். காரணம் புரியும்வரை ஒப்புதல் பொத்தானை மட்டும் அழுத்தாதீர்கள். அந்தத் தளத்தில் நாள், இடம், படம் மூன்றும் இருந்து, பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் அந்தப் பதிவு ஆய்வுத் தரம் பெற்றுவிடும். பிறகு அது உலகப் பல்லுயிர்த் தரவுக் களஞ்சியத்துக்கும் போகலாம், ஆய்வாளர்கள் எடுத்துப் பயன்படுத்துவார்கள். பெரியவர் சொல்லிவிட்டார் என்பதற்காக நாம் போடும் ஒரு ஒப்புதல், அங்கே இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து முடிவு செய்ததாகக் கணக்காகிவிடுகிறது. இது கெடுதல். உறுதியில்லை என்றால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், குடும்பத்தோடுகூட நிறுத்தலாம். அதுவும் முழுமையான பதிவுதான்.

கீழாநெல்லிக் குழப்பம் செயலியால் மட்டும் வந்ததல்ல. மேலிருந்து எடுத்த படத்தில் அந்தக் கூட்டத்துச் செடிகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒரு கிளையைப் பறிக்காமல் மெதுவாகத் திருப்பி, இலைகளுக்கு அடியில் இருக்கும் காய்களை எடுங்கள். கீழாநெல்லியின் காய் வழவழப்பாக, சிறு காம்போடு இருக்கும். காய் சொரசொரவென்று, காம்பே இல்லாததுபோல் ஒட்டியிருந்தால் அது சிவப்புக் கீழாநெல்லி என்று சொல்லப்படும் வேறு இனம். இலையைக் கிள்ளியதும் பால் வந்தால் அது இந்தக் கூட்டமே இல்லை, அம்மான் பச்சரிசி வகையைப் பாருங்கள். எந்தச் செடிக்கும் முழுத்தோற்றம், இலையின் மேல்புறம், அடிப்புறம், தண்டில் இலை அமைந்திருக்கும் விதம், பூ, காய் என்று தனித்தனிப் படம் எடுத்து எல்லாவற்றையும் ஒரே பதிவில் சேர்த்துவிடுங்கள். அளவு தெரிய ஒரு நாணயம் பக்கத்தில் இருந்தால் நல்லது. மருந்தாக உண்ணும் செடியென்றால் செயலியின் பெயரை நம்பி யாரும் வாயில் வைக்கக் கூடாது என்பதை மாணவர்களிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

இனி உங்கள் குளம். கொக்கு என்று ஒரே சொல்லில் எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் நான்கு இனம் இருக்கலாம். மாட்டின் பின்னால் நடப்பது உண்ணிக்கொக்கு, குட்டையான மஞ்சள் அலகு. அலகும் காலும் கறுத்து, பாதம் மட்டும் மஞ்சளாக இருந்தால் சின்னக்கொக்கு. சேற்றில் நிற்கும்போது பாதம் தெரியாது, அது பறந்து எழும்வரை பொறுத்திருங்கள். பெரிய கொக்கையும் நடுத்தரக் கொக்கையும் பிரிப்பதுதான் கடினம். அலகு நிறத்தை நம்ப முடியாது, இனப்பெருக்கக் காலத்தில் இரண்டுக்குமே கறுக்கும். வாய்ப்பிளவின் கோட்டைப் பாருங்கள். கண்ணுக்கு நேர்கீழே நின்றுவிட்டால் நடுத்தரக் கொக்கு, கண்ணைத் தாண்டிப் பின்னால் ஓடினால் பெரிய கொக்கு. இதற்கு ஒரு சாதாரண பைனாகுலர் இருந்தால் போதும். லட்ச ரூபாய்க் கேமரா வேண்டியதில்லை.

அதிசயமாக எதுவும் இல்லை என்கிறீர்கள். அந்த வரியில்தான் நான் உங்களோடு முழுக்க முரண்படுகிறேன். 2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையைத் தேடிப் படியுங்கள். 942 பறவை இனங்களைப் பற்றிய அந்த ஆய்வு, சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் இ-பேர்ட் தளத்தில் பதிந்த 3 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகளின் மேல் நிற்கிறது. அவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போல, வேலைக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்தியவர்கள்தான். அந்த அறிக்கை கண்டது என்ன? உங்கள் மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் பனங்காடை நாடு முழுவதும் வெகுவாகக் குறைந்துவருகிறது, அதன் அழிவுநிலையை உலக அளவில் மறுமதிப்பீடு செய்ய வேண்டும். நம் வயலில் மேயும் மயிலோ பெருகிக்கொண்டிருக்கிறது. பனங்காடையை எல்லோரும் பார்த்தோம், எங்கும் இருப்பதுதானே என்று கடந்து போனோம். அதைச் சலிக்காமல் எண்ணி எழுதியவர்கள் இருந்ததால்தான் குறைவது தெரிந்தது. அரிய பறவை வந்தால் கேமராக்காரர்கள் நூறு கிலோமீட்டர் தாண்டி வந்து படமெடுப்பார்கள். உங்கள் குளத்துப் பனங்காடையை எண்ண உங்களைத் தவிர யாரும் வரப்போவதில்லை.

ஆகவே பறவைகளுக்கு இ-பேர்ட் தளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் கால்மணி நேரம், அடையாளம் தெரிந்த எல்லாப் பறவைகளையும் எண்ணிக்கையோடு, காகம் உட்பட, முழுப்பட்டியலாகக் கொடுங்கள். பிடித்ததை மட்டும் எழுதினால் எழுதாதது இல்லையா, விடுபட்டதா என்று யாருக்கும் தெரியாது. முழுப்பட்டியல் என்றால் அதில் இல்லாத பறவையும் ஒரு தகவல். குளம் வற்றிய மாதங்களிலும் நிறுத்தாதீர்கள். வலசை வரும் வாலாட்டிகள் எந்த வாரம் வந்தன, எந்த வாரம் போயின என்பதை ஒரே இடத்தில் ஆண்டுதோறும் பார்ப்பவர்தான் சொல்ல முடியும். பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுதும் நான்கு நாள் பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போக அது நல்ல சமயம், அந்த நாட்களில் உங்கள் குளத்திலும் வலசைப் பறவைகள் இருக்கும்.

தேவாங்கு விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். பக்கத்தில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் கடவூர்ப் பகுதியில் 2022இல் தேவாங்குக்கென்றே சரணாலயம் அறிவித்திருக்கிறார்கள். ஆனால் உங்கள் ஊர்த் தோட்டத்து மரத்தில் இருக்கும் தேவாங்குக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருந்தும் மாந்திரீகத்துக்கும் பொய் மருந்துக்கும் அதைப் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். பதிவு செய்யத்தான் வேண்டும். தளத்தில் சில உயிரினங்களின் இடம் தானாகவே மறைக்கப்படும், ஆனால் அதை நம்பி இருக்காமல் நீங்களே இடத்தை மறைக்கும் வசதியைத் தேர்ந்துவிடுங்கள். படத்தில் கோயில், பலகை, அடையாளம் சொல்லும் மரம் ஏதாவது இருந்தால் வெட்டிவிட்டுப் போடுங்கள். ஊர்ப்பெயரை விளக்கத்தில் எழுத வேண்டாம். படக்கோப்புக்குள்ளேயே இடக்குறிப்பு பதிந்திருக்கக்கூடும் என்பதால் மூலப்படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம், எங்கே பார்த்தீர்கள் என்று தனிச்செய்தியில் கேட்பவர் எவ்வளவு படித்தவராகத் தெரிந்தாலும் சொல்ல வேண்டாம். காட்டிய மாணவர்களிடமும் இதைப் பேசிவிடுங்கள். மறுபடி பார்க்கப் போனால் டார்ச் கண்ணாடியில் சிவப்புத் தாள் ஒட்டிக்கொண்டு, தள்ளி நின்று, சில நிமிடங்களில் திரும்பிவிடுங்கள்.