கோய் மீனுக்குச் சூடு மருந்தாகுமா?

கேள்வி: கோவையில் வீட்டுத் தொட்டியில் கோய் மீன் வளர்க்கிறேன். புதிதாக வாங்கித் தனித் தொட்டியில் விட்ட இரண்டு மீன்களுக்குச் செவுள் வெளிறி, கண் குழிந்துவிட்டது. கோய் ஹெர்பிஸ் வைரஸாக இருக்கும், ஹீட்டர் போட்டு 30 டிகிரிக்கு ஏற்று என்கிறார் நண்பர். செய்யலாமா? பிழைத்தால் பழைய மீன்களோடு விடலாமா?

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். விடாதீர்கள்.

வைரஸ் நுழைந்ததை உணர்ந்ததும், அதுவரை அடங்கியிருந்த இன்டர்ஃபெரான் (வைரஸ் வந்ததை அறிவிக்கும் புரதம்) மரபணுவை மீனின் செல் இயக்கிவிடுகிறது. சுரக்கும் இன்டர்ஃபெரான் பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்த, அங்கே எம்எக்ஸ் போன்ற எதிர்ப்பு மரபணுக்கள் வரிசையாக விழிக்கின்றன. மீன் குளிர்ரத்தப் பிராணி என்பதால் இந்த வேலையின் வேகம் தண்ணீரின் சூட்டைப் பொறுத்தது. அதனால்தான் நோயுற்ற கெண்டை (கோயும் கெண்டை வகைதான்) தானே சூடான இடத்தைத் தேடிப் போகிறது. அதுதான் அதற்குக் காய்ச்சல்.

2017-இல் வெளியான ஓர் ஆய்வில் 24, 28, 32 டிகிரி அறைகள் இணைந்த தொட்டியில் நோயுற்ற கெண்டைகளை விட்டார்கள். அவை 32 டிகிரிக்கு நீந்திப்போய்ப் பிழைத்தன. 24-இல் அடைபட்டவற்றில் பெரும்பாலானவை செத்தன. இந்தத் தேடலைத் தூண்டுவது மீனின் உடலில் சுரக்கும் டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற புரதம். வைரஸோ தன் மரபணு ஒன்றைக் கொண்டு அந்தப் புரதத்தைப் பிடித்துவைக்கும் போலி ஏற்பியைச் சுரந்து, மீன் சூட்டை நாடுவதைத் தாமதப்படுத்துகிறது. இத்தனை காலம் படித்தும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

ஆக, நண்பர் சொல்வதில் உண்மை உண்டு; 30 டிகிரியில் இந்த வைரஸ் பெருகத் திணறும். ஆனால் முதலில் அம்மோனியாவையும் ஆக்சிஜனையும் சோதியுங்கள். கெண்டை எடிமா வைரஸும் செவுளை இப்படித்தான் கெடுக்கும். எது என்று வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைதான் சொல்லும். மீன்வளப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் கேளுங்கள். சூடேற்றுவதானால் மெதுவாக ஏற்றி, காற்றுக் குழாயைக் கூட்டுங்கள். 24 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.4 மில்லிகிராம் தங்கும் ஆக்சிஜன் 30-இல் 7.5 அளவுக்குக் குறையும். செவுள் புண்ணான மீனுக்கு அது பெரிய இழப்பு. ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது.

பிழைத்த மீனின் வெள்ளணுக்களில் வைரஸ் தங்கிவிடும். வைரஸின் மரபணுக்களில் பெரும்பாலானவை அடங்கிக் கிடப்பதால் மீன் நலமாகவே தெரியும், பிசிஆரில்கூடத் தப்பிவிடலாம். வலை போட்டுப் பிடிப்பது, நெரிசல் போன்றவற்றால் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் ஏறும்போது மீனின் எதிர்ப்பு மரபணுக்கள் தளர்ந்து, வைரஸ் மறுபடி கிளம்பும். அப்போது சாவது உங்கள் பழைய மீன்கள்தான்.

தனித்தொட்டியின் வலை, வாளி எதையும் பெரிய தொட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள். இனி வாங்கும் மீன்களைக் குறைந்தது 30 நாள், சுமார் 24 டிகிரியில் தனியே வையுங்கள். அதைவிடச் சூடான தண்ணீரில் வைத்தால் நோய் இருந்தாலும் வெளியே தெரியாமல் போய்விடும்.