பார்ட்டன் என்றால் நண்டு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: ஸ்காட்லாந்தில் நண்டைப் 'பார்ட்டன்' என்கிறார்களே, அது எந்த மொழிச் சொல்?

கெல்டிக் மொழிக் குடும்பத்தின் ஒரு கிளையான கேலிக் மொழிகளின் சொல். ஐரிஷில் போர்ட்டான், ஸ்காட்டிஷ் கேலிக்கில் பார்ட்டன், மேன் தீவின் மேங்ஸிலும் பார்ட்டன். மூன்று மொழிகளும் பழைய ஐரிஷிலிருந்து கிளைத்தவை என்பதால் இந்த ஒற்றுமை இயல்பானது. ஸ்காட்ஸ் மொழியிலும் இது பார்ட்டன்தான் என்பதுதான் சுவையான செய்தி. ஸ்காட்ஸ் கெல்டிக் மொழியே அல்ல. ஆங்கிலத்தைப் போலப் பழைய ஆங்கிலத்திலிருந்து வளர்ந்த ஜெர்மானிய மொழி. ஸ்காட்லாந்தில் இரு மொழிக்காரர்களும் பல நூற்றாண்டுகள் அக்கம்பக்கமாக வாழ்ந்ததில், கேலிக்கிலிருந்து ஸ்காட்ஸுக்குப் போன சொல் இது. ஏரியைக் குறிக்கும் லாக், பள்ளத்தாக்கைக் குறிக்கும் க்ளென் ஆகியவையும் அப்படிப் போனவையே. ஸ்காட்ஸைக் கேலிக்கின் வட்டார வழக்கு என்று சிலர் எழுதுகிறார்கள். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். இரண்டுமே தனி மொழிகள், இரண்டுக்கும் தனி வரலாறு உண்டு.

கேள்வி: வெல்ஷும் கெல்டிக் மொழிதானே, அங்கும் இதே சொல்லா?

இல்லை. வெல்ஷில் க்ராங்க். வெல்ஷ் மொழி கெல்டிக் குடும்பத்தின் இன்னொரு கிளை.

கேள்வி: ஸ்காட்டிஷ் கேலிக்கில் நண்டுக்கு 'க்ரூபக்' என்று படித்தேன். எது சரி?

இரண்டும் சரி. க்ரூபக் இன்று பரவலாகப் புழங்கும் சொல். பதுங்கிக் குனிவதைக் குறிக்கும் 'க்ரூப்' அதற்குள் இருக்கிறது. எந்த நண்டுக்கு எந்தப் பெயர் என்பது ஊருக்கு ஊர் மாறலாம். அகராதியில் ஒன்றைப் பார்த்ததும் மற்றதைப் பிழை என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

கேள்வி: 'பார்ட்டன் ப்ரீ' என்பது என்ன உணவு?

ஸ்காட்லாந்தின் நண்டு சூப். ஸ்காட்ஸில் ப்ரீ என்றால் வேகவைத்த சாறு. அரிசியைப் பாலில் குழைய வேகவைத்து, நண்டின் ஓட்டுக்குள் இருக்கும் பழுப்புச் சதையைச் சேர்த்து மசிப்பார்கள். அப்புறம் நண்டு வெந்த நீரையோ வேறு சாற்றையோ விட்டு இளக்கி, கடைசியில் கொடுக்கின் வெள்ளைச் சதையையும் கொஞ்சம் க்ரீமையும் போடுவார்கள். பழுப்புச் சதையில்தான் ருசி முழுவதும் இருக்கிறது. வெள்ளைச் சதையை மட்டும் போட்டால் சப்பென்று போய்விடும். வெள்ளைச் சதையைப் போட்டபின் கொதிக்க விடாதீர்கள், நார்நாராகிவிடும்.

கேள்வி: ஐரிஷில் இந்தச் சொல் இன்றும் புழக்கத்தில் உண்டா?

தாராளமாக. கடக ராசிக்கே அங்கே 'அன் போர்ட்டான்' என்றுதான் பெயர்.