பகல் 2 மணிக்கு யார் வருவார்கள்?

அன்புள்ள அக்கா,

நியூயார்க் மாநிலத்தில் ஒரு சின்ன ஊரின் தன்னார்வத் தீயணைப்புத் துறையில் நீங்கள் இருந்ததைப் பற்றி எழுதியதைப் படித்துத்தான் நானும் இங்கே பென்சில்வேனியாவில் சேர்ந்தேன். 4 வருடம் ஆகிறது. சேரும்போது பட்டியலில் 41 பேர். இப்போது 19. பேஜர் அடித்தால் உண்மையில் வருகிறவர்கள் 8 பேர். பகலில் 3 பேர்தான். வீட்டிலிருந்து வேலை செய்வதால் அதில் நானும் ஒருவன்.

21 வருடம் சீஃபாக, அதாவது துறையின் தலைமை அதிகாரியாக, இருந்தவர் ஜனவரியோடு விலகுகிறார். டிசம்பர் கூட்டத்தில் தேர்தல். நிற்க யாரும் முன்வரவில்லை. “நீ பகலில் ஊரில் இருக்கிறாய், எழுத்து வேலையும் தெரியும்” என்று என்னை நிற்கச் சொல்கிறார்கள். மனைவிக்குப் பயம். எனக்கு மறுக்க மனம் வரவில்லை, ஏற்கத் துணிவும் வரவில்லை. நான் நிற்கலாமா? ஆள் சேர்க்க என்னதான் செய்வது? சம்பளத்துக்கு ஆள் வைக்கச் சொல்லி ஊர் நிர்வாகமான டவுன்ஷிப்பைக் கேட்பது எங்களுக்கு அவமானமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இந்த டிசம்பரில் சீஃப் பதவிக்கு நிற்காதீர்கள். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் குறை ஒன்றும் இல்லை. அந்தப் பதவி இன்று இருக்கிற கோலத்தில் யார் உட்கார்ந்தாலும் இரண்டு வருடத்தில் ஓய்ந்துபோவார். அதற்குள் அந்த 8 பேர் ஐந்தாகிவிடுவார்கள். எங்கள் ஊரில் அப்படித்தான் ஆனது.

ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் 2 மணி இருக்கும். வீட்டுத் தீ என்று பேஜர் அடித்தது. நான் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது 68 வயதுப் பெரியவர் ஒருவர் மட்டும் எஞ்சினைக் கிளப்பி வைத்துக்கொண்டு நின்றார். நான் வண்டி ஓட்டவும் பம்ப்பை இயக்கவும் பயிற்சி எடுத்தவள். மூச்சுக்கருவி மாட்டிக்கொண்டு உள்ளே போகிறவள் இல்லை. அவரும் உள்ளே போவதை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது. மூன்றாவது ஆளுக்காக 4 நிமிடம் காத்திருந்தோம். வேலையிடத்திலிருந்து ஓடிவந்த ஒரு பையன் பூட்ஸை மாட்டிக்கொண்டே ஏறினான்.

போய்ப் பார்த்தால் மாடி ஜன்னலில் கரும்புகை. உள்ளே போகத் தகுதி உள்ளவன் அவன் ஒருவன்தான். ‘உள்ளே இருவர், வெளியே இருவர்’ என்ற விதி உங்களுக்கும் தெரியும். எரிகிற வீட்டுக்குள் இருவர் சேர்ந்தே போக வேண்டும், அவர்களைக் காப்பாற்றத் தயாராக இருவர் வெளியே நிற்க வேண்டும். ஓர் உயிர் உள்ளே சிக்கியிருந்தால் விலக்கு உண்டு. வீட்டில் யாரும் இல்லை என்று அந்த வீட்டு அம்மாவே சொல்லிவிட்டார். அதனால் பையனை உள்ளே அனுப்பவில்லை. வெளியிலிருந்து ஜன்னல் வழியாகத் தண்ணீர் அடித்தோம். அந்த அம்மா என் கோட்டுக் கையைப் பிடித்து இழுத்து, “ஏன் இங்கேயே நிற்கிறீர்கள்? ஏன் யாரும் உள்ளே போகவில்லை?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பக்கத்து ஊர் வண்டி வர 11 நிமிடம் ஆனது. மாடி முழுவதும் போய்விட்டது.

அன்றைக்கு எங்கள் பட்டியலில் 34 பெயர்கள் இருந்தன.

ஆகவே பட்டியலை எடுத்து ஓரமாக வையுங்கள். கடந்த 12 மாத அழைப்புப் பதிவுகளை எடுங்கள். எந்தக் கிழமை, எத்தனை மணி, எத்தனை பேர் வந்தார்கள், அதில் உள்ளே போகக்கூடியவர்கள் எத்தனை பேர், வண்டி எத்தனையாவது நிமிடத்தில் கிளம்பியது? ஒரு தாளில் எழுதுங்கள். தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கமான என்எஃப்பிஏ, தன்னார்வத் துறைகளுக்கென்று வகுத்த 1720 என்ற தரவிதியில், சதுர மைலுக்கு 500 பேருக்கும் குறைவாக வசிக்கிற இடங்களில் 14 நிமிடத்துக்குள் 6 பேர் சம்பவ இடத்தில் இருக்க வேண்டும், 100 அழைப்பில் 80 முறையாவது அப்படி நடக்க வேண்டும் என்கிறது. உங்கள் பகல் நேரக் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாங்கள் வைத்துப் பார்த்த அன்று கூட்டத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இது உங்கள் ஊரின் குறை மட்டும் இல்லை. என்எஃப்பிஏ கணக்குப்படி 1984இல் அமெரிக்காவில் 8,97,750 தன்னார்வத் தீயணைப்பு வீரர்கள் இருந்தார்கள். 2020இல் 6,76,900. அதே காலத்தில் அழைப்புகள் மூன்று மடங்காகிவிட்டன. அவற்றில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு மருத்துவ உதவிக்கான அழைப்புகள். தீ என்பது நூற்றில் நான்கைந்துதான். ஆனால் அந்த நான்கைந்து முன்பைவிட வேகமாக எரிகிறது. பரிசோதனைக் கூடத்தில் இரண்டு வரவேற்பறைகளைக் கொளுத்திப் பார்த்திருக்கிறார்கள். பழைய பாணி மரச் சாமான், பருத்தித் துணி வைத்த அறை மொத்தமாகப் பற்றிக்கொள்ள 29 நிமிடத்துக்கு மேல் ஆனது. இன்றைய ஃபோம் சோபா வைத்த அறைக்கு 4 நிமிடம்கூட ஆகவில்லை. நாங்கள் மூன்றாவது ஆளுக்காகக் காத்திருந்த அதே 4 நிமிடம்.

சரி, ஆட்கள் ஏன் போகிறார்கள்? ஊரில் வேலை இல்லை, எல்லோரும் 40 மைல் தள்ளி வேலைக்குப் போகிறார்கள், பயிற்சிக்கு மாதக்கணக்கில் மாலைகளும் சனிக்கிழமைகளும் போகின்றன. எல்லாம் உண்மைதான். ஆனால் விட்டுப்போனவர்களிடம் தனித்தனியாகக் கேட்டால் வேறு பதில் வரும். எங்களிடம் 22 வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள், வகுப்பில் முதலாவதாகத் தேறியவள். திடீரென்று வருவதை நிறுத்திவிட்டாள். ஒரு நாள் கடையில் பார்த்துக் கேட்டேன். பம்ப் இயக்கத் தகுதி பெற அவளுடைய பயிற்சிப் புத்தகத்தில் ஓர் அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். 8 மாதம் அந்தப் புத்தகத்தைக் காரிலேயே வைத்துக்கொண்டு சுற்றியிருக்கிறாள். “யாரும் கோபப்படவில்லை. ஆனால் யாரும் எதுவும் கேட்கவும் இல்லை” என்றாள். அந்தக் கையெழுத்தைப் போடக்கூடியவர் எங்கள் சீஃப் ஒருவர்தான். அவருக்கு நேரம் இல்லை.

அவர் நல்ல மனிதர், 19 வருடம் அந்த ஊருக்காக உழைத்தவர். எல்லா அழைப்புக்கும் வருவார், எல்லாப் பில்லும் அவரே பார்ப்பார், வண்டிக்கு எண்ணெய் மாற்றுவதும் அவர்தான். ஒரு குளிர்காலத்தில் நெஞ்சுவலி வந்து படுத்துவிட்டார். நான் அப்போது செயலாளர். அவர் மனைவி ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். சட்டைப் பையில் இருந்து இருந்து ஓரமெல்லாம் வளைந்துபோயிருந்தது. பம்ப் சோதனைத் தேதி, டீசல் கணக்கு, யாருக்கு எந்த அளவு பூட்ஸ், எந்தப் பண்ணையில் குளிர்காலத்தில் குளம் உறையாது... எங்கள் துறை முழுவதும் அந்தப் பென்சில் எழுத்தில் இருந்தது. பாதி எனக்குப் புரியவில்லை. மூச்சுக்கருவியின் கார்பன் ஃபைபர் சிலிண்டர்களுக்கு 5 வருடத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்ததில் 9 சிலிண்டர்களுக்குத் தேதி தாண்டியிருந்தது. அவருக்குத் தெரிந்திருக்கும், எங்கள் யாருக்கும் தெரியாது. இத்தனை பேர் இருந்தும் ஒருவர்கூட அந்த வேலையில் பாதியை என்னிடம் கொடுங்கள் என்று அவரிடம் கேட்டதில்லையே என்று அன்று இரவு தூக்கமே வரவில்லை.

ஆள் பற்றாக்குறை, தலைமைப் பற்றாக்குறை என்று நீங்கள் இரண்டாக எழுதியிருக்கிறீர்கள். நான் ஒன்றாகத்தான் பார்க்கிறேன். எல்லா வேலையும் ஒருவரிடம் குவிந்தால் மற்றவர்களுக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. செய்ய ஒன்றும் இல்லாதவர் எத்தனை நாள் வருவார்? அந்த ஒருவர் போனதும் அவர் இடத்துக்குப் பழக்கப்பட்டவர் யாரும் இருக்க மாட்டார்.

அதனால் டிசம்பருக்கு முன்னால் அந்தப் பதவியைப் பிரிக்கச் சொல்லுங்கள். சம்பவ இடத்தில் கட்டளையிடுவது சீஃபின் வேலை, அதை யாருக்கும் பிய்த்துக் கொடுக்க முடியாது. பயிற்சியும் அந்தக் கையெழுத்துகளும் ஒரு கேப்டனிடம் போகட்டும். கருவிகளும் சோதனைத் தேதிகளும் ஒரு லெப்டினன்டிடம். பணம், டவுன்ஷிப், நன்கொடைக்காக நடக்கும் சிக்கன் பார்பெக்யூ எல்லாம் நிர்வாகத் தலைவர், பொருளாளர் பக்கம். அந்தப் பதவிகள் பெரும்பாலான ஊர்களில் ஏற்கெனவே காகிதத்தில் இருக்கின்றன, உயிர்தான் இல்லை. ஆள் சேர்ப்புக்கு ஒருவர் தனியாக வேண்டும், அவர் தீயணைப்பவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. புதிதாக வருகிறவரை முதல் 6 மாதம் வாரம் ஒரு முறை தொலைபேசியில் அழைத்துப் பேசுகிறவராக இருந்தால் போதும்.

சீஃபாக யார் நிற்கலாம் என்பதற்கும் துணைவிதிகளில் தகுதி எழுதுங்கள். உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற இடங்களில் எல்லோருக்கும் பிடித்தவர் வந்துவிடுவார். தீயின் முன்னால் அது போதாது. பிடித்தவர் பெரும்பாலும் குழாயைத் தூக்கிக்கொண்டு முதலில் ஓடுகிறவராக இருப்பார். கட்டளையிடுகிறவர் சாலையில் நின்று வீட்டின் நான்கு பக்கத்தையும் பார்க்க வேண்டும், உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பெயர் அட்டைகளை எண்ண வேண்டும், பக்கத்து ஊரை எப்போது கூப்பிடுவது என்று முடிவெடுக்க வேண்டும். 4 பேரோடு போகிற ஊரில் அதற்காக ஒருவரை ஒதுக்க மனசு வராது. ஆனாலும் ஒதுக்கித்தான் ஆக வேண்டும். அதற்கு வழி, பகல் நேரத்தில் வீட்டுத் தீ என்ற வார்த்தை வந்தவுடனே பக்கத்து இரண்டு ஊர்களுக்கும் தானாகவே பேஜர் அடிக்கும்படி ஒப்பந்தம் போடுவது. போய்ப் பார்த்துவிட்டுக் கூப்பிடலாம் என்று இருந்ததால்தான் எங்களுக்கு அந்த 11 நிமிடம்.

நீங்கள் பகல் நேர லெப்டினன்டாக நில்லுங்கள். சம்பவக் கட்டளை முறையின் ஆரம்பப் பாடங்களை மத்திய அரசின் அவசரகால மேலாண்மை அமைப்பான ஃபீமா இணையத்தில் இலவசமாகவே தருகிறது. அதிகாரி வகுப்பை இந்தக் குளிர்காலத்தில் தொடங்குங்கள். சீஃப் இன்னும் ஒரு வருடம் இருக்க முடியுமா என்று கேளுங்கள். குறைக்கப்பட்ட வேலையோடு, வாரிசைப் பழக்குவதற்காக மட்டும். எனக்குத் தெரிந்தவரை இப்படிக் கேட்டால் இவர்கள் மறுப்பதில்லை. விலகுவது ஊரை வெறுத்து அல்ல, களைத்துப்போய்த்தான்.

ஆள் சேர்ப்பது பற்றி ஒரே ஒரு விஷயம். “தீயணைப்பு வீரர்கள் தேவை” என்று நிலையத்தின் முன் பலகை வைத்தால் 25 வயதுக்காரர்கள் மட்டும்தான் தங்களைக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள். தண்ணீர் டேங்கர் ஓட்ட ஆள் வேண்டும், போக்குவரத்தை நிறுத்தும் ஃபயர் போலீஸ் வேண்டும், கணக்கு எழுத, மானிய விண்ணப்பம் எழுத ஆள் வேண்டும். நான் சேரும்போது எனக்கு வயது 43. சேரச் சொன்னவர் என்னால் என்ன செய்ய முடியும் என்று கேட்டார், அதனால்தான் சேர்ந்தேன்.

டவுன்ஷிப்பிடம் கேட்பதில் அவமானம் எங்கே வந்தது? தீயணைப்புக்கு ஏற்பாடு செய்யும் பொறுப்பை உங்கள் மாநிலச் சட்டம் டவுன்ஷிப்பின் மீதுதான் வைத்திருக்கிறது. இத்தனை வருடம் அந்தப் பொறுப்பை நீங்கள் இலவசமாகச் சுமந்திருக்கிறீர்கள். ஜெர்மனியிலும் பெரும்பாலான ஊர்களில் தன்னார்வலர்கள்தான். போதுமான ஆள் சேராவிட்டால் ஊர் நிர்வாகம் குடிமக்களைக் கட்டாயமாகவே படையில் சேர்க்கலாம் என்று அங்கே சட்டம் உண்டு. அவ்வளவு தூரம் போக வேண்டாம். வாரநாள் பகலுக்கு மட்டும் இரண்டு பேரைச் சம்பளத்துக்கு வையுங்கள், பக்கத்து ஊரோடு செலவைப் பகிர்ந்துகொள்ளுங்கள். சேஃபர் என்ற மத்திய மானியம் சம்பள ஆட்களுக்கும் உண்டு, தன்னார்வலர்களைச் சேர்த்துத் தக்கவைக்கவும் உண்டு. பென்சில்வேனியாவில் 2016ஆம் ஆண்டின் 172ஆம் சட்டம், தன்னார்வலர்களுக்கு உள்ளூர் வரியில் சலுகை தர ஊர் நிர்வாகங்களை அனுமதிக்கிறது. உங்கள் டவுன்ஷிப் அதைச் செய்திருக்கிறதா என்று கேளுங்கள்.

உங்கள் மனைவியின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். பணியில் இறக்கும் தீயணைப்பு வீரர்களில் ஏறக்குறைய பாதிப் பேரைக் கொல்வது நெருப்பு இல்லை, மாரடைப்பு. இதை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். இதயப் பரிசோதனை முடித்துவிட்டு, முடிவை அவரிடமே கொடுங்கள். மாதத்தில் எந்த இரவுகளில் பேஜரை அணைத்துவைப்பீர்கள் என்பதையும் இருவருமாக உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். எங்கள் சீஃபின் மனைவியிடம் 19 வருடத்தில் அப்படி யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

12 மாதக் கணக்கை எழுதி முடித்ததும், பெயர்களை மறைத்துவிட்டு, எனக்கு அனுப்புங்கள். கூட்டத்தில் எதை முதலில் பேசுவது என்று சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
அக்கா