தலையாட்டினால் புரிந்ததாகுமா?

கேள்வி: நாங்கள் மருத்துவ மாணவர்கள். கிராமத்தில் வயிற்றுப்போக்குக்கான உப்பு-சர்க்கரைக் கரைசல் பற்றிப் பேசினோம். எல்லோரும் தலையாட்டினார்கள். மறுவாரம் கேட்டால் ஆளுக்கொரு அளவு சொல்கிறார்கள். எங்கே தவறு?

பதில்: தலையாட்டலை நம்பியதில்தான்! பேச்சைக் குறைத்து அவர்களையே கலக்கவிடுங்கள். கொதித்து ஆறிய நீர் 1 லிட்டர், சர்க்கரை 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி. கரண்டி 5 மி.லி. பிடிக்கிறதா என்று பாருங்கள். குவித்து அள்ளினால் கணக்கே கெட்டது. கத்தி முதுகால் வழித்துத் தட்டையாக்க வேண்டும். உப்பு கூடினால் ரத்தத்தில் சோடியம் ஏறி, குழந்தைக்கு வலிப்புகூட வரலாம். சர்க்கரை கூடினால் போக்கு அதிகமாகும். 1 லிட்டர் அளவை அந்த வீட்டுப் பாத்திரத்திலேயே கோடு போட்டுக் காட்டுங்கள். 1 லிட்டர் நீருக்கான உப்பு-சர்க்கரைப் பொடி (ORS) பாக்கெட்டை ஒரே டம்ளர் நீரில் கொட்டுவதும் இதே வகை ஆபத்துதான். 24 மணி நேரம் தாண்டிய கரைசலைக் கொட்டிவிடச் சொல்லுங்கள்.