டிசைன் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்குப் பிளஸ் ஒன்னில் எந்தக் குரூப்?

பத்தாம் வகுப்பு முடித்த மகள் டிசைன் படிக்கப் போகிறேன் என்கிறாள், கணக்கை விட்டுவிட்டு காமர்ஸில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்க்கலாம். அகமதாபாத்தில் உள்ள தேசிய டிசைன் கல்லூரியான என்.ஐ.டி.க்கோ (NID), ஃபேஷன் கல்லூரியான நிஃப்டின் (NIFT) பி.டெஸ். என்ற டிசைன் பட்டப்படிப்புக்கோ குரூப் ஒரு தடையே இல்லை. ஆனாலும் கணக்கும் இயற்பியலும் அவளால் சமாளிக்க முடியுமென்றால் அந்தக் குரூப்பையே எடுங்கள். வரையப் பிடித்த பிள்ளைகளுக்குப் பிளஸ் டூ வந்ததும் ஆர்க்கிடெக்சர் மேல் கண் போவது வாடிக்கை. பி.ஆர்க். சேர அந்த இரண்டு பாடமும் கட்டாயம். அப்போது போய் குரூப் மாற்ற முடியாது.

விஸ்காமும் (விஷுவல் கம்யூனிகேஷன்) டிசைனும் ஒன்று என்று நினைத்துவிட வேண்டாம். நம் கல்லூரிகளில் விஸ்காம் மூன்று வருடப் படிப்பு. கேமரா, படத்தொகுப்பு, விளம்பரம், சினிமா பக்கம் சாய்ந்தது. பி.டெஸ். நான்கு வருடம்; எழுத்துரு, பேக்கேஜிங், செயலியின் திரை, நாற்காலி என்று பொருளை உருவாக்குவதில் நிற்கும். மகள் எதைச் சொல்கிறாள் என்று முதலில் கேளுங்கள்.

ஐ.ஐ.டி.களில் பி.டெஸ். சேர ஜே.இ.இ. வேண்டாம், மும்பை ஐ.ஐ.டி. நடத்தும் யூசீட் (UCEED) என்ற டிசைன் நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். மொத்தம் 300 மதிப்பெண், 3 மணி நேரம். முதல் பகுதி கணினியில், 200 மதிப்பெண். இரண்டாவது கையால் வரைவது, 100. முதல் பகுதியில் தேறாதவர்களின் ஓவியத்தைத் திருத்தவே மாட்டார்கள். நன்றாக வரைகிற பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான்: கனசதுரத்தை விரித்தால் எப்படி இருக்கும், பல்சக்கரம் எந்தப் பக்கம் சுற்றும் போன்ற கேள்விகளுக்குப் பழகாமல் போவார்கள். அடுத்தடுத்த வருடங்களில் 2 முறைதான் எழுதலாம்.

வரைவதற்கு இப்போதைக்கு கோச்சிங் தேவையில்லை. கோடில்லாத ஏ4 நோட்டு, 2பி பென்சில், தினம் 20 நிமிடம் போதும். ரப்பரை எடுத்து வைத்துவிடுங்கள். அழித்துக்கொண்டே இருந்தால் கோடு தயங்கும், நேரமும் போகும்.

முதலில் எவர்சில்வர் டம்ளரை மேசையில் வைத்து வரையச் சொல்லுங்கள். வாய் விளிம்பின் இரண்டு ஓரத்தையும் மாவிலை நுனி மாதிரி கூராக்குவாள். அங்கே கோடு வளைந்துதான் திரும்ப வேண்டும். அடிப்பாகத்தை நேர்கோடாக இழுப்பாள். அது இன்னும் பெரிய தவறு. கண் மட்டத்தில் உள்ள வட்டம் மட்டுமே கோடாகத் தெரியும். அதற்குக் கீழே இறங்க இறங்க வட்டம் அகலமாக விரியும். ஆகவே டம்ளரின் அடி, வாயைவிடக் கூடுதலாகவே வளைந்திருக்கும்.

அடுத்தது பீரோ, மூலைப் பக்கமாக நின்று பார்த்தபடி. கோடுகள் போய்ச் சேரும் இரண்டு புள்ளிகளையும் தாளுக்குள்ளேயே வைத்தால் பீரோ பிதுங்கித் தெரியும். தாளை ஒரு செய்தித்தாள் மேல் ஒட்டி, புள்ளிகளை அந்த ஓரங்களில் வைக்கச் சொல்லுங்கள், சரியாகிவிடும். அப்புறம் பாத்திரம் பிடித்த கை, சைக்கிள், பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போடட்டும்.

யூசீட் ஜனவரியில் வரும். பிளஸ் டூவில் ரிவிஷன் டெஸ்ட்டும் பிராக்டிகலும் அதே நேரத்தில் நெருக்கும். கை பழக வேண்டியது பிளஸ் ஒன்னிலேயே.