ஒரே நாளில் பதிவான இசைத்தட்டு

கேள்வி: 'பிளாக் சப்பாத்' ராக் இசைக்குழுவின் முதல் இசைத்தட்டு ஒரே நாளில் பதிவானது என்கிறார்களே, உண்மையா? அந்தக் கனத்த கிட்டார் ஒலி எப்படிப் பிறந்தது?

பதில்: உண்மைதான். 1969 அக்டோபர் 16 அன்று லண்டன் ரீஜென்ட் சவுண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில், தயாரிப்பாளர் ரோஜர் பெய்னின் மேற்பார்வையில், பர்மிங்காமைச் சேர்ந்த அந்த நான்கு இளைஞர்களும் மேடையில் வாசிப்பதைப் போலவே சேர்ந்து வாசித்து வேலையை முடித்தார்கள். தொடக்கத்தில் கேட்கும் மழையும் இடியும் மணியோசையும் பிறகு சேர்க்கப்பட்டவை.

அந்தக் கனத்த ஒலியைத் தந்த கிட்டார் கலைஞர் டோனி அயோமி இடக்கைப் பழக்கமுள்ளவர் என்பதால் தந்திகளை அழுத்துவது அவருடைய வலக்கை. 17 வயதில், உலோகத் தகடு ஆலையில் தமது கடைசி வேலைநாளன்று, அந்தக் கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகளை இயந்திரத்தில் இழந்தார். அவர் மனம் தளரவில்லை. பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுறைகள் செய்து, அவற்றின்மேல் தோல் ஒட்டி, அழுத்துவதற்கு எளிதான மெல்லிய தந்திகளைக் கட்டி, வாசிப்பை மீண்டும் பழகினார். முதல் பாடலின் அச்சமூட்டும் கிட்டார் இழை, நம் கர்நாடக இசைக் கணக்கில் சொன்னால், சட்ஜமம், மேல் சட்ஜமம், பிரதி மத்தியமம் என்ற மூன்றே ஒலிகள்தான். இவ்வளவு சிக்கனத்தில் இத்தனை இருளைக் கொண்டுவந்ததை நான் பெரும் சாதனையாகவே கருதுகிறேன்.

1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமையன்று வெர்டிகோ நிறுவனம் இந்த இசைத்தட்டை வெளியிட்டது. விமர்சகர்கள் பலர் சாடியபோதும், ரசிகர்கள் வாங்கியதால் பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 8ஆம் இடத்தைப் பிடித்தது.