பூட்டியைக் கணக்கில் தேடுங்கள்

கேள்வி: என் பூட்டி நெய்யூர்ப் பக்கத்தில் 'பைபிள் உமன்' ஆக (வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் சொல்லிக்கொடுக்கும் ஊழியக்காரியாக) இருந்தார் என்று வீட்டில் சொல்வார்கள். சபையின் நூற்றாண்டு மலரில் போதகர், உபதேசியார் பெயரெல்லாம் வரிசையாக இருக்கிறது. அவர் பெயர் இல்லை. எங்கே தேடுவது? (வாசகி, மார்த்தாண்டம்)

பதில்: மலரை மூடி வையுங்கள். மலர் போடுகிறவர்கள் ஊழியர் பட்டியலைப் பார்த்துத்தான் எழுதுவார்கள். பைபிள் உமன் அந்தப் பட்டியலில் ஏறியதே அபூர்வம். செலவுக் கணக்கில் இருப்பார்.

முதலில் சேகர அலுவலகத்தில் (போதகரின் பொறுப்பிலுள்ள சபைகளின் அலுவலகம்) அடக்கப் பதிவேட்டைக் கேளுங்கள். இறந்த ஆண்டும் வயதும் கிடைத்தால், அங்கிருந்து விவாகம், ஞானஸ்நானம் என்று பின்னோக்கிப் போகலாம். பிள்ளைகளின் ஞானஸ்நானப் பக்கத்தில் பெரும்பாலும் தகப்பன் தொழிலுக்குக் கட்டம் உண்டு, தாய்க்குப் பெயர் மட்டுந்தான். அங்கே ஒன்றும் எழுதவில்லை என்பதற்காக அவர் ஊழியம் செய்யவில்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

நெய்யூர் லண்டன் மிஷன் சங்கம் ஊழியம் செய்த களம். அதன் கடிதங்களும் அறிக்கைகளும் இப்போது லண்டன் பல்கலைக்கழகத்தின் சோயாஸ் (SOAS) கல்லூரி நூலகத்தில் இருக்கின்றன. (திருநெல்வேலியில் ஊழியம் செய்தவை சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்ற வேறு இரண்டு மிஷன் சங்கங்கள். அந்தப் பக்கத்துக்காரர்கள் சி.எம்.எஸ். தாள்களுக்கு பர்மிங்காம் பல்கலைக்கழகத்தையும், எஸ்.பி.ஜி. தாள்களுக்கு ஆக்ஸ்போர்டின் போட்லியன் நூலகத்தையும் கேட்க வேண்டும்.) எழுதும்போது ஊரையும், எந்தப் பத்தாண்டு என்பதையும் குறிப்பிடுங்கள். போதகர்கள் பட்டியலைத் தாண்டி, பெண்கள் வேலை பற்றிய பக்கங்களையும் நன்கொடைக் கணக்கையும் கேட்டு வாங்குங்கள்.

பெயரில்தான் பலர் சறுக்குகிறார்கள். மிஷன் விடுதியில் தங்கிப் படித்த போர்டிங் பிள்ளைக்கும் ஊழியருக்கும், அவர்களுக்காகப் பணம் அனுப்பிய இங்கிலாந்து நன்கொடையாளரின் பெயரையே வைக்கும் வழக்கம் இந்தக் களத்தில் இருந்தது. வீட்டில் ஞானம்மாள், கணக்கில் யாரோ ஒரு மேரி ஆன்! தமிழ்ப் பெயரே எழுதியிருந்தாலும், ஞானம்மாள் ஆங்கில 'ஜி' எழுத்தில் அகப்படாவிட்டால் 'என்' எழுத்திலும் பாருங்கள்.

கேள்வி: நாகர்கோவில் லேஸ் வேலையைத் தொடங்கியது மிஷனரி மால்ட் ஐயரா? (வாசகர், நாசரேத்)

பதில்: ஐயர் இல்லை, அம்மா. 1819இல் கணவருடன் நாகர்கோவில் வந்த மார்த்தா மால்ட், பள்ளிப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த தொழில் அது. இறுக அடைத்த திண்டின்மேல் துளையிட்ட அட்டை. ஜோடி ஜோடியாகத் தொங்கும் பாபின்களை (நூல் சுற்றிய சிறு கட்டைகளை)க் குறுக்கே மாற்றி, முறுக்கி, துளைக்குத் துளை குண்டூசி குத்திப் பின்ன வேண்டும். திண்டு தளர்ந்தால் ஊசி சாயும், டிசைன் கோணிவிடும். ஊசியை அவசரப்பட்டுப் பிடுங்கினால் பின்னல் சுருங்கிப்போகும்.

லேஸ் விற்ற காசில் தங்களை மீட்டுக்கொண்ட அடிமைப் பெண்கள் உண்டு. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிப்பு அறிவிப்பு வந்ததோ 1855இல்தான். மார்த்தாவின் மகள் எலைசா 1844இல் கால்டுவெல்லை மணந்து இடையன்குடி போனபோது லேஸும் கூடவே போயிற்று. அங்கே பெண்பிள்ளைகளுக்கு அதைக் கற்பிக்க ஏற்பாடு செய்தவர் எலைசாதான்.